விதைக்கு விட்ட காய்

(கொல்லிமலை, தேவனூர் நாட்டில் மகளிர் குழுவினரும் ஊர்ப் பெரியவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு. அச்சுக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டது.)



கொடுப்பதைப் பற்றிப் பேசுவதற்கு இந்த மலையை விடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஆடி மாதம் செம்மேட்டில் அரசு எடுக்கிற விழாவில் அவன் வில்லைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துக்கொண்டு போன கதை இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். அந்தக் கதையைப் பாடிய வன்பரணர் அடுத்த பாட்டில், புறநானூற்றின் 153-ஆம் பாட்டில், ஓரியின் கையைப் பற்றிச் சொல்கிறார். அவனைப் பார்க்கப் போன பாணர் கூட்டத்துக்கு யானை கிடைத்தது, அணிகலன் கிடைத்தது, கூடவே ஒரு பூமாலையும் கிடைத்தது. அந்தக் குவளைப் பூ எந்தச் சுனையிலும் பூத்ததில்லை. மணிகளால் செய்து வெள்ளி நாரில் தொடுத்த பூ. எனக்கு யானையை விட அந்த மாலை மேல்தான் கண். யாரோ ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையால் செய்த பொருள் அல்லவா அது? அந்தப் பாட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாங்கப் போனவர்கள் பசி தீரச் சாப்பிட்டதில் ஆட்டத்தையும் பாட்டையும் மறந்தே போனார்களாம். இன்றைக்கு மதியம் நீங்கள் எனக்குப் போட்ட சாமைச் சோற்றுக்கும் பருப்புக்கும் பிறகு எனக்கும் அந்த ஆபத்து இருக்கிறது.

நான் கொண்டுவந்திருப்பது பீர்க்க நார். பின்வரிசையில் இருப்பவர்களும் பார்க்கட்டும், கை மாற்றி அனுப்புங்கள். வயதானவர்களுக்கு இதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பீர்க்கங்கூடு என்று சொன்னதும் முதுகு தேய்த்துவிட்ட அம்மாவோ, ஈயப் பாத்திரம் தேய்த்த பாட்டியோ நினைவுக்கு வருவார்கள். இளையவர்கள் இதை வேறு பெயரில் பார்த்திருப்பீர்கள். கைப்பேசியில் கடை திறந்தால் 'லூஃபா' என்று போட்டு, கண்ணாடித் தாளில் சுற்றி, மேலே ரிப்பன் கட்டி விற்கிறார்கள். விலையைச் சொன்னால் என்னைப் பொய்யன் என்பீர்கள். சொல்லவில்லை.

இந்தப் பொருளைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அதைச் சொல்லத்தான் எழுபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி வந்தேன். நம் வீடுகளில் பீர்க்கங்கூட்டை யாரும் தனியாகச் செய்ததில்லை. கொடியில் நல்லதாக ஒரு காயைப் பார்த்து, அதைப் பறிக்காமல் விதைக்கு விடுவார்கள். முற்றி, காய்ந்து, குலுக்கினால் சலசலக்கும்போது பறித்து அடுப்புக்கு மேலே புகைபடக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்த பட்டத்துக்கு விதையைக் கொட்டி எடுத்ததும் மிஞ்சுவது இந்தக் கூடு. அதைத் தூக்கி எறியாமல் குளியல் மறைப்பில் வைத்தார்கள். விதைக்காய் இருந்த வீட்டில் கூடு இருந்தது. கடையில் வீரிய விதைப் பாக்கெட் வந்தது, விதைக்காய் விடுகிற வழக்கம் நின்றது. வீரிய ரகத்தின் விதையை எடுத்துப் போட்டால் தாய்ச்செடி மாதிரி வராது, ஆகவே ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குத்தான் போகவேண்டும். அந்தக் கடைக்குப் பக்கத்துக் கடையில் நைலான் நார் தொங்கிக்கொண்டிருந்தது. நைலான் வந்துதான் கூடு ஒழிந்தது என்று பலரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விதையைக் கைவிட்ட அன்றே கூடு ஒழிந்துவிட்டது, காலியான இடத்தில் நைலான் வந்து உட்கார்ந்தது.

இதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. சாமையில் நீங்கள் இதைப் பார்த்தவர்கள். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று பெயர் சொல்லி விதைத்த காடுகளில் மரவள்ளி ஏறியது. கீழே சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் சேகோ ஆலைகள் கிழங்கை வாங்கின, கையில் காசு வந்தது. அதைத் தவறென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஆலைக்காரர் சொன்னதுதான் விலை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்த மலையில் சிறுதானிய வேலையைத் தொடங்கி, விதை வங்கி என்று ஏற்படுத்தியபோது அதில் போட விதை எங்கிருந்து வந்தது? விற்காமல் குதிரில் கொஞ்சம் வைத்திருந்த வீடுகளிலிருந்து வந்தது. கேட்ட பங்காளிக்கும் சம்பந்திக்கும் படி விதை அளந்து கொடுத்த கைகளிலிருந்து வந்தது. கொடுக்கல் வாங்கலில் ஓடிக்கொண்டிருந்ததால்தான் அந்த விதை பிழைத்தது.

பீர்க்கு அன்பளிப்பாகப் போவதும் புதிதில்லை. குறுந்தொகையின் 98-ஆம் பாட்டில் ஒரு பெண் தோழியிடம் சொல்கிறாள்: நம் தோட்டத்துப் புதரில் மழைக்குச் செழித்துப் படர்ந்திருக்கிறதே பீர்க்கு, அதன் பூ சிலவற்றை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டி, இவள் நெற்றி இப்படி ஆகிவிட்டது என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் நன்றாக இருக்கும். பிரிவில் உடம்பு வெளுத்து மஞ்சள் பாரித்துப் போவதைப் பசலை என்பார்கள். அந்த மஞ்சளுக்குப் பீர்க்கம் பூவை விட நல்ல சாட்சி கிடையாது. ஓலை இல்லை, எழுத்து இல்லை, நாலு பூ போதும் என்கிறாள். தோட்டத்திலிருந்து அனுப்புகிற பொருளுக்கு இதைவிட வேறென்ன வேலை இருக்கமுடியும்?

சரி, செய்முறைக்கு வருவோம். முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள்.

பீர்க்கில் இரண்டு இனம் நமக்கு வேண்டும். ஒன்று நாம் குழம்பு வைக்கிற வரிப்பீர்க்கு, விளிம்பு விளிம்பாக இருப்பது. இன்னொன்று தோல் வழவழப்பான நுரைப்பீர்க்கு, மெழுகுபீர்க்கு என்றும் சொல்வார்கள். இரண்டிலும் பிஞ்சைச் சமைக்கலாம், இரண்டும் முற்றினால் நார்க்கூடு ஆகும். ஆனால் வரிப்பீர்க்கின் கூட்டை வரிவரியான தோலிலிருந்து உரிப்பது சிரமம். நுரைப்பீர்க்கில் தோல் தாள் மாதிரி கழன்று வரும், கூடும் நீளமாக, அடர்த்தியாக இருக்கும். விதையைப் பார்த்தே பிரிக்கலாம்: வரிப்பீர்க்கு விதை கறுப்பு, மேலே சொரசொரப்பு. நுரைப்பீர்க்கு விதை வழவழப்பு, ஓரத்தில் மெல்லிய விளிம்பு ஓடும். பூவும் வேளை மாறித்தான் திறக்கும். நுரைப்பீர்க்கு விடியற்காலையில், வரிப்பீர்க்கு பொழுது சாயும் நேரத்தில். இரண்டையும் ஒரே பந்தலில் ஏற்றினால் காலையிலும் மாலையிலும் பந்தல் மஞ்சளாக இருக்கும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கு அளவெடுத்த மாதிரி பொருந்தும். விதைத்ததிலிருந்து கூடு கைக்கு வர ஐந்து ஆறு மாதம் ஆகும். ஓரி விழாவுக்கும் அறப்பளீஸ்வரர் கோயில் ஆடிப் பெருக்குக்கும் கூட்டம் மலையேறுகிற சமயத்தில் ஊன்றினால், ஐப்பசி கார்த்திகை மழையில் காய் பச்சையாகத் தொங்கும். மழை விட்டபின் மார்கழி வெயிலில் காயும், பொங்கலுக்குக் கொடுக்கலாம். விதையின் தோல் கெட்டி, ஒரு ராத்திரி ஊறவையுங்கள். குழிக்கு மூன்று விதை, நன்றாக வந்த இரண்டை விட்டு ஒன்றைக் கிள்ளிவிடலாம். எரு தாராளமாக வேண்டும். பந்தல் கட்டாயம்: தொங்குகிற காய்தான் நேராக வரும். தரையில் கிடப்பது வளையும், ஈரத்தில் அழுகும். பந்தல் போட ஆள் இல்லாதவர்கள் காப்பித் தோட்டத்துச் சவுக்கு மரத்தில் ஏற்றிவிடலாம், ஆனால் நிழலில் காய் குறையும், பறிக்க ஏணி வேண்டும்.

காலை முழுக்கத் தூறல் பிடித்தால் தேனீ வராது. அப்போது ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் தடவிவிடுங்கள். பெண்பூவுக்கு அடியில் விரல் மாதிரி ஒரு குட்டிக் காய் இருக்கும், அதுதான் அடையாளம். பிஞ்சைத் துளைத்து முட்டையிடுகிற பழ ஈ பெரிய தொல்லை. கருவாட்டுத் தூளை நனைத்து வைக்கிற பொறி இருக்கிறது, அல்லது பிஞ்சிலேயே பழைய துணிப்பை மாட்டிவிடலாம்.

எல்லாவற்றிலும் கடினமான வேலை ஒன்று இருக்கிறது. பறிக்காமல் இருப்பது. கையகலப் பிஞ்சாக இருக்கும்போது பார்த்தால் பொரியலுக்குக் கை நீளும். முதல் காய்களைத் தாராளமாகச் சமையுங்கள். பிறகு கொடிக்கு நாலைந்து நேரான காயைத் தேர்ந்து, காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். நூல் கட்டினதை மாமியாரும் தொடக்கூடாது, மருமகளும் தொடக்கூடாது. யாருக்குக் கொடுக்கப்போகிறோம் என்று அப்போதே பெயர் நினைத்துக் கட்டினால் கை கட்டுப்படும் என்று நினைக்கிறேன்.

பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, எடை குறைந்து, உள்ளே விதை குலுங்கினால் தயார். கீழே சமவெளியில் கொடியிலேயே சருகாக விடலாம். இங்கே மேகம் இறங்கி உட்காரும் நாட்களில் அப்படி விட்டால் கரும்புள்ளி விழும். மழை நிற்காவிட்டால் மஞ்சளானதுமே பறித்து உரித்துவிடுங்கள், நார் சற்று மென்மையாக வரும், முகத்துக்கு நல்லது. விதைக்கான காயை மட்டும் பழுப்பாகும் வரை வையுங்கள். தரையில் வைத்து உருட்டி லேசாகத் தட்டினால் தோல் விலகும். நுனி மூடியைக் கழற்றிக் கவிழ்த்தால் விதை கொட்டும், அதை முதலில் பத்திரப்படுத்துங்கள். கூட்டை ஒரு இரவு தண்ணீரில் போட்டு, வழவழப்பு போகும் வரை பிழிந்து அலசி, வெயிலில் காயவைக்க வேண்டும். வெள்ளையாக வரவேண்டும் என்று பிளீச்சிங் பவுடரைத் தேடாதீர்கள். அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை.

இனி என்ன செய்து யாருக்குக் கொடுப்பது? குறுக்கே வெட்டினால் வட்டத் துண்டு, நீளவாக்கில் பிளந்து ஈரத்தோடு அம்மிக்கல்லை ஏற்றி வைத்தால் தட்டையான ஏடு. ஏட்டைப் பழைய நூல் புடவைத் துணியோடு சேர்த்துத் தைத்தால் கையுறை. முழுக்கூட்டின் இரண்டு முனையிலும் கயிறு கட்டிப் பிடி வைத்தால், முதுகுக்குக் கை எட்டாத தாத்தாவுக்கு அது பெரிய கொடை. தங்கை வீட்டுக்குப் பொங்கல் சீர் போகும்போது கரும்பு, மஞ்சள் கொத்தோடு இரண்டு கூடும், ஒரு பொட்டலம் சீயக்காய்த் தூளும், கொஞ்சம் பூவந்திக்கொட்டையும் சேர்ந்து போகட்டும். மூன்றும் குளியல் சாமான், மூன்றும் மலையில் விளைந்தவை. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு மட்டும் பாத்திரம் தேய்க்க என்று சொல்லிக் கொடுங்கள், அந்தத் தோலுக்கு இது முரடு.

பிள்ளைகளுக்கான வேலை இது: வெட்டின வட்டத்தில் பெரும்பாலும் மூன்று அறை இருக்கும். அதைக் காவிக் குழம்பிலோ துணிச் சாயத்திலோ தொட்டுத் துணிப்பையில் ஒற்றினால் பூப்போட்ட மாதிரி அச்சு விழும். 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியதிலிருந்து கல்யாணங்களில் தாம்பூலத்துக்குத் துணிப்பை கொடுப்பது பரவியிருக்கிறது. பையின் மேல் நகைக்கடை விளம்பரம் இருப்பதற்குப் பதிலாக உங்கள் பந்தலில் காய்த்த காயின் அச்சு இருக்கட்டுமே.

வட்டத் துண்டை உள்ளே வைத்துச் சோப்பு வார்ப்பது இப்போது பலருக்கும் பிடித்திருக்கிறது. செய்யலாம், ஆனால் காஸ்டிக் சோடா கண்ணைப் பறிக்கிற பொருள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். 500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறக் காஸ்டிக் சுமார் 91 கிராம் வேண்டும். அவ்வளவும் போட்டால் தோலை வறட்டிவிடும். 75 கிராம் போட்டுக் கொஞ்சம் எண்ணெயை மிச்சம் விடுங்கள். தராசு இல்லாமல், கைக்கணக்கில் இறங்கக்கூடாது. தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போடவேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, அதை அரித்துவிடும். வார்த்தபின் நாலு முதல் ஆறு வாரம் காற்றாட வைத்தபிறகே கொடுக்கலாம். பொங்கலுக்கு என்றால் கார்த்திகையிலேயே வார்க்கவேண்டும், அப்போது இந்த வருடத்துக் கூடு வந்திருக்காது. ஆகவே சோப்பு அடுத்த வருடத்து வேலை.

கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியும் கொடுக்கவேண்டும். ஈரமாகவே கிடக்கிற கூட்டில் கிருமி குடியேறும். 1994-ல் அமெரிக்க மருத்துவ நுண்ணுயிரியல் இதழ் ஒன்றில் இதைச் சோதித்தே எழுதினார்கள். குளித்ததும் அலசிப் பிழிந்து வெயிலில் தொங்கவிட வேண்டும், மாதம் ஒன்று ஆனதும் எருக்குழியில் போட்டுவிட்டு அடுத்த துண்டை எடுக்கவேண்டும். மக்கிப் போகும். நைலான் நாரை அப்படிப் போட்டுப் பாருங்கள், பேரன் மண்வெட்டியில் சிக்கும்.

நார் என்று இதை அலட்சியமாக நினைக்கவேண்டாம். இரண்டாம் உலகப் போருக்கு முன் அமெரிக்கா வாங்கிய பீர்க்கங்கூட்டில் பெரும்பங்கு கப்பல் எந்திரங்களில் வடிகட்டியாகப் போனது. அனுப்பியது பெரும்பாலும் ஜப்பான். பராகுவே நாட்டில் எல்சா சால்திவார் என்ற பெண்மணி கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து, தேறாத கூட்டையும் பிளாஸ்டிக் கழிவையும் கலந்து வீட்டுச் சுவருக்கான பலகை செய்தார், 2008-ல் அதற்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. ஜப்பானில் இன்னொரு கதை. மசாவோகா ஷிகி என்ற கவிஞர் காசநோயில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வீட்டுத் தோட்டத்தில் பீர்க்குப் பந்தல். கொடியை அறுத்துப் புட்டியில் வடித்த நீர் சளிக்கு மருந்து என்று அங்கே நம்பிக்கை. 1902 செப்டம்பரில், முப்பத்து நாலு வயதில், அவர் கடைசியாக எழுதிய மூன்று சிறுகவிதைகளும் பீர்க்கைப் பற்றியவை. அவர் இறந்த நாளை இன்றும் அங்கே பீர்க்கின் பெயரால்தான் நினைவுகூர்கிறார்கள். கறிக்காய்க்கு இப்படி ஒரு மரியாதை நம் ஊரில் கிடைக்குமா தெரியவில்லை.

இதையெல்லாம் கேட்டதும் மகளிர் குழுத் தலைவி மனதில் கணக்கு ஓடுவது முகத்தில் தெரிகிறது. விற்கலாமே, மலைக்கு வருகிற சுற்றுலாக்காரர் மிளகும் தேனும் வாங்குகிறார், இதையும் வாங்குவார் என்று. வாங்குவார். நான் தடுக்கவில்லை. ஆனால் முதல் இரண்டு வருடம் கொடுக்க மட்டும் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். காரணம் உண்டு. விற்கப் போனால் எல்லாக் கூடும் ஒரே நீளம் வேண்டும் என்பார்கள், பிறகு வெள்ளை நிறம் வேண்டும் என்பார்கள், அதற்கு ஒரே ரக விதையை அவர்களே கொண்டுவந்து தருவார்கள். அப்புறம் விலையும் அவர்களுடையது. மரவள்ளி போன பாதை அது. சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கும் கூடு கொஞ்சம் கோணலாக இருந்தால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அந்த இரண்டு வருடத்தில் எந்த வீட்டுக் கொடி மேகத்தைத் தாங்கியது, எது பழ ஈக்குத் தப்பியது என்று உங்களுக்கே தெரிந்துவிடும், அந்த விதை தேவனூர் நாடு முழுக்கப் பரவியிருக்கும். அதன்பிறகு வியாபாரி வந்தால் விதை உங்கள் கையில் இருக்கும், பேச்சு வேறு மாதிரி இருக்கும். ஆகவே கூடு கொடுக்கும்போது அதற்குள்ளேயே பத்து விதையைத் துணியில் முடிந்து வைத்துக் கொடுங்கள்.

கூட்டம் தொடங்கும் முன்பு ஒரு அக்கா கேட்டார்: "போன வருசம் நானே எடுத்த விதைங்க, காய் கசந்துபோச்சே, ஏன்?" பக்கத்தில் வேலியிலோ காட்டிலோ பேய்ப்பீர்க்கு படர்ந்திருக்கும். அதுவும் வரிப்பீர்க்கின் சாதிதான், அதே மாலை நேரத்தில்தான் பூக்கும், பூச்சி இரண்டிலும் உட்கார்ந்துவிட்டு வரும். அந்தச் சேர்க்கையில் வந்த விதையைப் போட்டால் காய் கசக்கும். கசக்கிற காயை வாயில் வைத்ததுமே துப்பிவிடுங்கள், குழம்பில் போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அந்தக் கசப்பு வயிற்றுக்கு ஆகாது. கூட்டைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளலாம், விதையை மட்டும் எடுக்காதீர்கள். நல்ல விதை வேண்டுமானால், மறுநாள் விரியப்போகிற பெண்பூவுக்கும் ஆண்பூவுக்கும் முன்னதாகவே மெல்லிய துணிப்பை கட்டுங்கள். விரிந்த மாலை அவிழ்த்து, உங்கள் பந்தல் ஆண்பூவைத் தடவிவிட்டு மறுபடி கட்டிவிடுங்கள். பிஞ்சு பருக்கத் தொடங்கினதும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் நூலைக் கட்டலாம். அதுதான் விதைக்காய்.

விதை அந்த மேசையில் இருக்கிறது. வெள்ளைத் தாளில் மடித்தது வரிப்பீர்க்கு, பழுப்புத் தாளில் மடித்தது நுரைப்பீர்க்கு. வீட்டுக்கு இரண்டிலும் ஐந்து ஐந்து. எடுக்கிறவர்கள் ஊர்ப் பெயரோடு அந்த நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள், தை மாதம் யார் வீட்டில் எது நன்றாக வந்தது என்று பார்த்து மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கும். கீழே போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்கிறார்கள். பிள்ளைகள் முதலில் எடுக்கட்டும்.